போட்டோ டி.வி.டி: கம்பியூட்டரில ஓடுது, டீ.வி.யில ஓடல்ல, ஏன்?



கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து, திருகோணமலை டிரிப் என்று எடுத்த போட்டோக்களைப் பாட்டோடு சேர்த்து ஒரு டி.வி.டி.யில் போட்டு வீட்டு டீ.வி.யில் பார்க்கிற பழக்கம் நம்ம லயங்களில் இன்னும் போகவில்லை. போன் இருக்கும்போது இது எதற்கு என்று இளசுகள் கேட்கிறார்கள். கண் மங்கிப்போன பாட்டிக்கு உள்ளங்கை அளவு போனில் என்ன தெரியும்? டீ.வி.யில் பெரிசாகப் போட்டால்தான், "இது நம்ம சின்னவன் மகளா?" என்று கேட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களையும் ஒவ்வொருவராக அடையாளம் சொல்லுவார்கள்.

ஆனால் டவுனுக்குப் போய் காசு கொடுத்து செய்துகொண்டு வந்த டி.வி.டி. வீட்டில் ஓடவில்லை என்று வருகிற முறைப்பாடு நிறைய. கடையில் போட்டுக் காட்டினார்களாம், நல்லா ஓடினதாம். வீட்டுக்கு வந்தால் "நோ டிஸ்க்" என்று வருகிறதாம். சில வீட்டில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, சில வீட்டில் தலை வெட்டுப்படுகிறது, சில வீட்டில் எல்லாரும் நசுங்கிக் குள்ளமாகத் தெரிகிறார்கள். பிளேயரைத் தட்டிப் பார்க்கிறதும், கடைக்காரரோடு சண்டைக்குப் போறதும் பிறகு நடக்கட்டும். பெரும்பாலான கோளாறுக்குக் காரணம் ஒன்றுதான். கடையில் இருப்பது கம்பியூட்டர், வீட்டில் இருப்பது டி.வி.டி. பிளேயர். கம்பியூட்டர் எதைக் கொடுத்தாலும் திறந்து பார்க்கும். பிளேயர் அப்படி இல்லை. அதற்குத் தெரிந்தது நாலைந்து பாஷைதான். அந்தப் பாஷையில் எழுதாத தட்டை அது தள்ளிவிடும்.

தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

போட்டோக்களையோ, வீடியோ ஃபைலையோ அப்படியே தட்டில் ஏற்றினால் அது 'டேட்டா' தட்டு. அலுமாரியில் சாமான் வைத்த மாதிரி. 'டி.வி.டி. வீடியோ' என்று முறையாகச் செய்தது வேறு. இரண்டும் வெளியில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தட்டைக் கம்பியூட்டரில் போட்டுத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள்ளே ஐ.எஃப்.ஓ., பி.யு.பி., வி.ஓ.பி. என்று முடிகிற ஃபைல்கள் இருக்கும். அப்படி இருந்தால் அது பிளேயருக்கான தட்டு. அந்த ஃபோல்டர் இல்லாமல் எம்.பி.4 என்று ஒரே ஃபைல் இருந்தால், பழைய பிளேயர் அதைத் தொடாது. கடைக்காரரிடம் "வீடியோவைக் கொப்பி பண்ணித் தாங்க" என்று கேட்காமல், "பிளேயரில ஓடுற மாதிரி டி.வி.டி. வீடியோவா செஞ்சு தாங்க" என்று கேளுங்கள். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில் பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டில் கம்பியூட்டர் வைத்திருக்கிற பிள்ளைகள் தாங்களே செய்யலாம். விண்டோஸ் 7இல் சில வகைகளோடு 'டி.வி.டி. மேக்கர்' என்ற புரோகிராம் கூடவே வந்தது. விண்டோஸ் 8இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இலவசமாகக் கிடைக்கிறதில் 'டி.வி.டி. ஸ்டைலர்' பரவாயில்லை.

டேட்டா தட்டாக இருந்தாலும் சில பிளேயர் போட்டோவை மட்டும் காட்டும், அதுவும் ஜேபெக் போட்டோ என்றால். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'புரொகிரசிவ்' என்று ஒரு வகை ஜேபெக் இருக்கிறது. கம்பியூட்டரில் சாதாரணமாகத் திறக்கும். பிளேயரில் வெறும் கறுப்புத் திரைதான். இருநூறு படத்தில் பத்துப் படம் மட்டும் வரவில்லை என்றால் இதுவாக இருக்கலாம். அந்தப் படங்களைத் திறந்து சாதாரண ஜேபெக்காக மறுபடி சேவ் பண்ணினால் போதும்.

படத்தின் வரிசை குழம்புவதும் டேட்டா தட்டில்தான். 1, 2, 3 என்று பெயர் வைத்தால் பிளேயர் 1க்குப் பிறகு 10, 11 என்று போய் அப்புறம்தான் 2க்கு வரும். தாலி கட்டின பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்! 001, 002, 003 என்று மூன்று இலக்கமாக வைத்தால் ஒழுங்காக வரும்.

கறுப்பு வெள்ளை, உருளுகிற படம்

நம் நாட்டில் ஐ.டி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. இரண்டும் 'பால்' என்கிற முறையைத்தான் பின்பற்றின. இந்தியாவிலும் அதுதான். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் 'என்.டி.எஸ்.சி.' என்று வேறு முறை. பாலில் ஒரு படம் 576 கோடு, விநாடிக்கு 25 படம். என்.டி.எஸ்.சி.யில் 480 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். டி.வி.டி. செய்கிற புரோகிராம்களில் பல அமெரிக்காக்காரர் செய்தவை. நாம் மாற்றாவிட்டால் அது தன்பாட்டில் என்.டி.எஸ்.சி.யில் செய்து வைத்துவிடும். புது டீ.வி. இரண்டையும் காட்டும். பழைய பெட்டி டீ.வி. கறுப்பு வெள்ளையாகக் காட்டும், அல்லது படம் மேலும் கீழும் உருளும்.

ஆகவே தட்டு செய்வதற்கு முன்பே 'பால்' என்று தெரிவு செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்த தட்டாக இருந்தால் பிளேயரின் செட்டப் மெனுவுக்குப் போய் 'டீ.வி. சிஸ்டம்' என்ற இடத்தில் பால் என்றோ ஓட்டோ என்றோ மாற்றிப் பாருங்கள். கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்புவதாக இருந்தால் அவர்களுக்கு என்.டி.எஸ்.சி.யில் தனியாக ஒரு தட்டு செய்துவிடுவது நல்லது. 'ரீஜியன்' பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். நம் நாடும் இந்தியாவும் 5ஆம் ரீஜியன். ஆனால் அது கடையில் விற்கிற சினிமாப் படத் தட்டுக்குப் போடுகிற பூட்டு. வீட்டுப் போட்டோத் தட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் கறுப்பு வெள்ளையாக வந்தால், டீ.வி.க்குப் பின்னால் போய் வயரைப் பாருங்கள். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சள் வயரைத் தவறிப் பச்சைத் துவாரத்தில் சொருகினால் படம் வரும், நிறம் வராது. தட்டில் ஒரு பிழையும் இல்லாமல் இதனால் மட்டும் திருப்பிக் கொண்டுபோன தட்டுகள் உண்டு. சில புது டீ.வி.களில் மஞ்சளுக்கென்று தனித் துவாரமே கிடையாது, பச்சையில்தான் சொருக வேண்டும். அப்போது ரிமோட்டில் 'ஏ.வி.' என்று தெரிவு செய்ய வேண்டும். 'கொம்பொனன்ட்' என்பதில் இருந்தால் நிறம் வராது.

தலை வெட்டுப்படுவதும் ஆள் நசுங்குவதும்

திருகோணமலைப் போட்டோக்களில் இது நன்றாகத் தெரியும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வேன் பிடித்து, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக இரவோடு இரவாகப் போய் இறங்கி, கோணேசர் கோயில் வாசலில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த படம். முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் கால் படத்தின் கீழ் ஓரத்தில் இருக்கும், கோபுரத்து உச்சி மேல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். போனில் முழுசாக இருந்த இந்தப் படம் டீ.வி.யில் வரும்போது கோபுரத்து உச்சியும் இல்லை, பிள்ளைகளின் காலும் இல்லை.

டீ.வி. எப்போதுமே படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் தின்னும். பழைய பெட்டி டீ.வி. காலத்தில், படத்தின் ஓரம் வெளியில் தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே திரையைவிடப் பெரிசாகக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நூற்றுக்கு ஐந்து பங்கு போகும் என்று கணக்கு வையுங்கள். எழுத்து போடுவதாக இருந்தால் பத்துப் பங்கு உள்ளே தள்ளிப் போட வேண்டும். தட்டையான புது டீ.வி.யிலும் மஞ்சள் வயரில் வருகிற படத்துக்கு இந்தப் பழக்கம் விடவில்லை. சில டீ.வி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதைப் போட்டால் முழுப்படமும் வரும். ஆனால் தட்டு போகிற வீட்டில் எந்த டீ.வி. இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அதனால் செய்யும்போதே படத்தைச் சுற்றி ஒரு கறுப்பு ஓரம் விட்டுச் செய்வதுதான் புத்தி. போட்டோ எடுக்கும்போது ஆட்களைச் சுற்றிக் கொஞ்சம் வானமும் நிலமும் விட்டு எடுத்தால் இந்த வேலையும் மிச்சம்.

சுவாமிமலைப் பாறையை, கடல்வரை தெரிய வேண்டும் என்று போனை நெட்டுக்குப் பிடித்து எடுப்பார்கள். டீ.வி. கிடையாகப் படுத்திருக்கிற பெட்டி. நெட்டுப் படத்தை முழுசாகப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். அது பிழை இல்லை. அதை நிரப்ப வேண்டும் என்று கேட்டால், பையன் ஒரு பட்டனை அழுத்தி இழுத்துவிடுவான். அப்புறம் மெலிந்த ஆளெல்லாம் முதலாளி மாதிரி வருவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். இனிமேல் டீ.வி.க்கென்று எடுக்கிற படத்தைப் போனைக் கிடையாகப் பிடித்து எடுங்கள்.

தட்டில் எல்லாப் படமும் நசுங்கித் தெரிந்தால் அது போட்டோவின் கோளாறு இல்லை. பழைய டீ.வி. 4க்கு 3 என்ற கணக்கில் அகலம், புது டீ.வி. 16க்கு 9. பிளேயரின் செட்டப்பில் இந்த இரண்டும் எழுதியிருக்கும். உங்கள் டீ.வி. எதுவோ அதைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும். '4க்கு 3 பி.எஸ்.' என்று இருந்தால் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடும், 'எல்.பி.' என்று போட்டால் மேலும் கீழும் கறுப்பு விட்டு முழுசாகக் காட்டும்.

தகரக் கூரை ஏன் துடிக்கிறது?

நம் பக்கத்துப் படங்களில் மட்டும் அதிகமாக வருகிற கோளாறு ஒன்று இருக்கிறது. லயத்துத் தகரக் கூரை, தேயிலை மலையில் வரிவரியாக நிற்கிற செடி, சேலையின் மெல்லிய கரை, திருகோணமலைக் கடலில் வானமும் தண்ணீரும் சேர்கிற கோடு. இவையெல்லாம் டீ.வி.யில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கும், கண் வலிக்கும். டீ.வி. 576 கோட்டையும் ஒரே தரமாக வரைவதில்லை. முதலில் ஒற்றைக் கோடுகள், பிறகு இரட்டைக் கோடுகள் என்று மாற்றி மாற்றி வரைகிறது. ஒரே ஒரு கோடு அளவுக்கு மெல்லிதாக ஒரு பொருள் படத்தில் இருந்தால் அது ஒரு தரம் தெரியும், அடுத்த தரம் மறையும். அதுதான் துடிப்பு.

போனில் எடுத்த பெரிய படத்தை அப்படியே புரோகிராமுக்குள் தள்ளாமல், முதலில் 1024க்கு 576 என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். பெட்டி டீ.வி.க்கு என்றால் 768க்கு 576. அதற்கும் அடங்காவிட்டால் 'அன்டி ஃபிளிக்கர்' என்று ஒன்றைப் போட்டு மேலும் கீழுமாக இலேசாக மங்கச் செய்யலாம். படம் கொஞ்சம் மென்மையாகும். டீ.வி.யில் தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாது. படத்தைக் கூர்மையாக்குகிற 'ஷார்ப்பன்' பட்டனை மட்டும் தொடவே வேண்டாம், துடிப்பு இரண்டு மடங்காகும்.

படம் நகர்ந்து கொண்டே, பெரிதாகிக் கொண்டே வருகிற வித்தைகளும் அளவோடு இருக்கட்டும். பக்கம் புரளுகிறது, நட்சத்திரம் சிதறுகிறது, இதய வடிவத்தில் மாப்பிள்ளை வருகிறார். பார்க்கிற பாட்டி ஒரு முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லுவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. ஒரு படத்துக்கு மூன்று விநாடி என்று புரோகிராம் வைத்திருக்கும், அதை ஏழு எட்டு விநாடியாக்குங்கள். கூட்டமாக நிற்கிற படத்துக்குப் பத்தும் கொடுக்கலாம்.

ஒரு தலைப்பின் கீழ் 99 பிரிவுக்கு மேல் டி.வி.டி. முறையில் வைக்க முடியாது. சில புரோகிராமில் ஒவ்வொரு படமும் ஒரு பிரிவு. 99ஆவது படத்துக்கு அப்பால் போகாமல் நின்றால் இதுதான் காரணம். இரண்டு மூன்று தொகுதியாகப் பிரித்துவிட்டால் சரி.

போனிலிருந்து வருகிற கோளாறு

கம்பியூட்டரில் நேராக இருந்த படம் டீ.வி.யில் பக்கவாட்டில் படுத்து வந்தால், போன் அந்தப் படத்தைத் திருப்பவில்லை, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். பழைய புரோகிராமும் பிளேயரும் அந்தக் குறிப்பைப் படிக்காது. படத்தை ஒரு தரம் திருப்பிச் சேவ் பண்ண வேண்டும். ஐபோனில் 2017க்குப் பிறகு 'எச்.இ.ஐ.சி.' என்ற வகையில் படம் சேர்கிறது. பழைய கம்பியூட்டர் திறக்காது, ஜேபெக்காக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

வட்ஸ்அப்பில் அனுப்பின படத்தைக் கொடுத்து, பிறகு படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்லுகிறார்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கொழும்பில் வேலை செய்கிற மகனிடம் படம் கேட்கிறபோது, "டொகியுமென்ட்டா அனுப்பு ராசா" என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

தமிழில் பெயர் போட்டால் எழுத்து குழம்பி வருவது பெரிய தலைவலி. பாமினி எழுத்தில் அடித்துக் கொடுத்த பெயர், பாமினி இல்லாத கம்பியூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். யூனிகோட்டில் அடித்தாலும் சில பழைய புரோகிராம் கொம்பைக் கொண்டுபோய் வேறு இடத்தில் நடும். சண்டை பிடிக்காமல் ஒரு சுலப வழி இருக்கிறது. பெயரைப் போனில் அழகாக அடித்து அதையே ஒரு படமாகச் சேவ் பண்ணிப் போட்டோக்களோடு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். படத்தில் எழுத்து குழம்பாது. பேப்பரில் கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

சத்தம் வரவில்லை என்றால் பாட்டு 48 கிலோ ஹேர்ட்ஸில் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள், டி.வி.டி.க்கு அதுதான் முறை.

தட்டையே பிளேயர் எடுக்காவிட்டால்

வேலை முடிந்ததும் தட்டை 'ஃபைனலைஸ்' பண்ண வேண்டும். கதவைச் சாத்திப் பூட்டுப் போடுகிற வேலை அது. போடாவிட்டால் எழுதின கம்பியூட்டர் திறக்கும், பிளேயர் திறக்காது. அடுத்தது தட்டின் வகை. திரும்பத் திரும்ப எழுதக்கூடிய 'ஆர்.டபிள்யூ.' தட்டில் வெளிச்சம் குறைவாகத்தான் திரும்பி வரும், பழைய பிளேயருக்குக் கண் தெரியாது. ஒரு தரம் மட்டும் எழுதுகிற 'டி.வி.டி. மைனஸ் ஆர்' தட்டு பழைய பிளேயர்களுக்கு ஒத்துப்போகும். 16 மடங்கு வேகம் என்று தட்டில் எழுதியிருந்தாலும் 4 அல்லது 8 வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரருக்குப் பத்து நிமிஷம் கூடப் போகும், போகட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தத் தட்டு அவ்வளவுதான். மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. பற்றரி உள்ள லெப்டொப்பில் செய்வது பாதுகாப்பு.

தட்டின் மேல் சாமி படமோ பெயர் ஸ்டிக்கரோ ஒட்டாதீர்கள். தட்டு வேகமாகச் சுழலும்போது ஒரு பக்கப் பாரம் கூடி நடுங்கும். போல் பொயின்ட் பேனாவால் அழுத்தி எழுதவும் வேண்டாம். டி.வி.டி. தட்டுக்கென்று விற்கிற மென்மையான மார்க்கரால் எழுதலாம். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள்.

டீ.வி.யிலேயே பென்டிரைவ் சொருகுகிற இடம் இருந்தால், தட்டு எதற்கு? நேரே அதில் போடுங்கள், படம் இன்னும் தெளிவாக வரும். பிளேயரில் சொருகுவதாக இருந்தால் பென்டிரைவ் 'ஃபெட் 32' முறையில் இருக்க வேண்டும். 64 ஜி.பி. போன்ற பெரிய பென்டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் வருவதால்தான் பழைய பிளேயருக்குப் பிடிபடுவதில்லை.

தட்டு பார்ப்பதற்கு, வைத்திருப்பதற்கு இல்லை

இதுவரை சொன்ன கோளாறெல்லாம் திரும்பச் செய்தால் சரியாகும். திரும்பச் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. டி.வி.டி. செய்து முடித்ததும், "அதான் தட்டுல இருக்கே" என்று போனில் இருக்கிற படங்களை அழித்துவிடுகிறார்கள். போனில் இடம் வேண்டுமாம்.

டி.வி.டி. வீடியோவில் ஒரு படம் 720க்கு 576 புள்ளி. பெருக்கினால் நாலு இலட்சத்துச் சொச்சம் புள்ளிதான். போனில் 12 மெகா பிக்சல் என்றால் ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளி. ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் தட்டுக்குப் போகிறது, மிச்சத்தைப் புரோகிராம் எறிந்துவிடுகிறது. டீ.வி.க்கு அது போதும். ஆனால் அந்தத் தட்டிலிருந்து ஒரு படத்தைத் திருப்பி எடுத்துத் தெளிவாகப் பிரிண்ட் போட்டால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவுக்குத்தான் வரும். தாத்தா இறந்த வீட்டில், மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடுகிறபோதுதான் இது தெரிய வருகிறது. பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். பேத்தி கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நின்ற அந்தப் படம் போனில் முழுசாக இருந்தது. அதை அழித்தாயிற்று.

இதற்கு வழி இருக்கிறது, கூடச் செலவும் இல்லை. ஒரு டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. இடம். ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்தால் இருநூறு படத்துக்கு 800 எம்.பி.தான். தட்டு எழுதும்போது 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டருக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டர் போட்டு, அசல் போட்டோக்களையும் சுருக்காமல் அதே தட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிளேயர் அந்த ஃபோல்டரைக் கண்டுகொள்ளாது, ஸ்லைட் ஷோவை மட்டும் ஓட்டும். கம்பியூட்டரில் போட்டால் அசல் படம் இருக்கும். ஒரே தட்டு, இரண்டு வேலை.

அப்படிச் செய்த தட்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1977 வன்செயலிலும் 1983இலும் அடிபட்டு வீடு வாசல் இழந்து மலையை விட்டு இறங்கின நம்மவர்கள் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் திருகோணமலை மாவட்டத்துக்கும் போய்க் குடியேறினார்கள். 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். அண்ணன் மலையில், தம்பி திருகோணமலையில், அக்கா நீலகிரியில் என்று இருக்கிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ. ஓடி இறங்கின யாரும் போட்டோ அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் திருகோணமலைக் கரையோரத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தபோதும் அல்பம் மிஞ்சவில்லை. மலை மட்டும் பத்திரமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடிற்று.

கடலும் மலையும் ஒரே நாளில் போகாது. உங்கள் படத்தின் ஒரு பிரதி திருகோணமலைச் சொந்தக்காரர் வீட்டிலும், அவர்கள் படத்தின் ஒரு பிரதி உங்கள் காம்பராவிலும் இருந்தால், ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் இருக்கும். அடுத்த டிரிப் போகும்போது பயணப் பையில் ஒரு தட்டு இடம் பிடிக்காது. தட்டும் சாகாவரம் பெற்றது இல்லை. மலைக் குளிரின் ஈரத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கிற மாதிரி அதற்கும் வயசாகும். அதனால் சில வருஷத்துக்கு ஒரு தரம் போட்டுப் பார்த்து, வேறு தட்டுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் இதே தட்டில் சேர்க்கலாம். மப்பு மந்தாரமான நாளில் படத்தை இஸ்தோப்பில் வைத்து, பிளாஷ் போடாமல், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடே எடுங்கள். கறுப்புத் துணி ஒன்றைப் போனுக்குப் பின்னால் பிடித்தால் கண்ணாடியில் நிழல் அடிக்காது.

அந்தப் பழைய படங்களில் இருக்கிறவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாட்டு போடுகிற இடத்தில் பாட்டியின் குரலைப் போடுங்களேன். படத்தைக் கையில் கொடுத்து, போனை ரெக்கோர்டில் வைத்து, "இது யாரு பாட்டி, எந்தத் தோட்டம், எந்த வருஷம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் போதும். ரேடியோவையும் டீ.வி.யையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் விளம்பரமும் சேர்ந்து பதிவாகிவிடும். சினிமாப் பாட்டு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

கடைசியாகத் தட்டின் உறையில் எழுத வேண்டியது: யாருடைய வீட்டுப் படம், எந்த நிகழ்ச்சி, திகதி, பால் முறை, உள்ளே அசல் போட்டோ ஃபோல்டர் இருக்கிறதா இல்லையா. கடையை விட்டு வெளியேறும் முன் "கம்பியூட்டரில வேணாம், அந்தப் பிளேயரில போட்டுக் காட்டுங்க" என்று சொல்லி, முதல் படத்தையும் நடுவில் ஒரு படத்தையும் கடைசிப் படத்தையும் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கடையில் பிளேயர் இல்லை என்றால், வீட்டில் ஓடாவிட்டால் திருப்பிச் செய்து தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.